வலது பக்கம் மூன்று கிளிக்

“ஒண்ணு… ரெண்டு… மூணு.”

எண்ணி முடித்ததும் மாப்பிள்ளை கார் எஞ்சினுக்குப் பின்னாலிருந்து கையை மெல்ல உருவினார். முழங்கை வரை கறுப்பாக இருந்தது. இன்னொரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. “எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு மாமனார் ஊருக்குக் கிளம்பி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, பிடித்த கையோடு இருமியது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நிமிஷத்துக்கு நாலு தடவை இருமிக்கொண்டிருந்த எஞ்சின், இப்போது மூச்சுக்கு மூச்சு இருமியது.

ஷெட் வாசலில் நின்றிருந்த மனைவி, “சரியாயிடுச்சா?” என்று கேட்டாள்.

“ஆயிட்டிருக்கு.”

“சத்தத்தைக் கேட்டா அப்படித் தெரியலையே.”

“எஞ்சினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“உங்களுக்கு என்ன தெரியும்?”

நியாயமான கேள்வி.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடுகளவு திருகை அதன் இடத்தில் உட்கார வைப்பதில் கெட்டிக்காரர். அதைவிடப் பெரிய திருகோடு அவருக்குப் பழக்கமில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் மாமனார் வாயிலிருந்து ‘மாப்பிள்ளை’ என்ற சொல்லை இவர் வாங்கியதில்லை. அது மூத்தவருக்கு, அதாவது இவருடைய சகலைக்கு, எழுதி வைத்த சொல். சகலை பாலம் கட்டுகிறவர். இவர் வெறும் ‘கடைக்காரர்’. “கடைக்காரர் சாப்பிட்டாரா?” “கடைக்காரரை அந்த ஏணியைப் பிடிச்சுக்கச் சொல்லு.” மாமியார் ஒருத்தர்தான் முறையாக மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிடுவோம், மனுஷன் ஏங்கிப்போயிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் கையில்தான் புதன்கிழமை சாயங்காலம் மாமனார் அந்தச் சாவியைக் கொடுத்தார். சகலை புது வீடு கட்டியிருந்தார். மாமனாரும் மாமியாரும் அதைப் பார்க்க நாலு நாள் பயணமாகக் கிளம்பினார்கள். சாவியைக் கொடுத்த மாமனார், உடனே கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

“தினம் ஸ்டார்ட் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. ஆஃப் பண்ணுங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மாமா.”

“வேற எதையும் தொடாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் பண்ணுவேன். எஞ்சின் பக்கத்துல போனைப் பிடிங்க. சத்தத்தை வச்சே நான் சொல்லிடுவேன்.”

வண்டி மாப்பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தது. ஆறு சிலிண்டர். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருக்கும். இதில் அது கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து பீய்ச்சிவிடும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லை. எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் செய்கிற வேலை. அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் பம்புக்குப் பின்புறம் ஒரு குமிழ் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுக் குமிழை உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். வலது பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும். இடது பக்கம் திருப்பினால் குறையும். ஒவ்வொரு படிக்கும் ‘கிளிக்’ என்று விரலில் தெரியும்.

வண்டிக்கு இரண்டு வருஷமாக ஒரு வியாதி. மாமனார் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பம்பைச் சரி செய்வார். எஞ்சின் பூனை மாதிரி முனகும். கையைக் கழுவி, குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப வருவார். ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் மிஸ்ஸிங் அடித்து இருமும். தெருமுனை வரை திணறிக்கொண்டே போய், திட்டிக்கொண்டே திரும்புவார்.

“சூடு ஆறும்போது பம்புக்குள்ள என்னமோ நழுவுது” என்பது அவருடைய முடிவு. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். அவருடைய முடிவை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

“என் கண்ணால அளந்தா ஒரு அங்குலம் பிசகாது” என்று இன்றைக்கும் சொல்லுவார். போன மாதம் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, “வந்தவர் நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க” என்று சொன்னவரும் அவர்தான். ஒருமுறை மாப்பிள்ளை அவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைக்கு அழைத்துப்போய், சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். மாமனார் ஒரு வரி விடாமல், தயங்காமல், கணீரென்று படித்தார். பலகையில் இருந்த எழுத்துகள்தான் வேறு. “பலகை தப்பு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர், அப்புறம் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை.

சரி, மாப்பிள்ளை ஏன் தொட்டார்?

அவரை மெச்ச ஆளில்லை; அதுதான் காரணம். வியாழன் காலையில் எஞ்சின் இருமியதைக் கேட்டதும், ஷெட் அலமாரியில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். முப்பது வருஷமாக மாமனார் கிளிக்கை எண்ணிச் சொல்லச் சொல்ல, மாமியார் தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி வந்த நோட்டு. கடைசி நூறு வரிகளும் ஒரே மாதிரி இருந்தன. ‘ஞாயிறு. வலம் 3. அருமை.’ அடுத்த வாரமும் ‘வலம் 3. அருமை.’ அதற்கடுத்த வாரமும் அதேதான்.

வாரா வாரம் வலது பக்கமே திருப்பிக்கொண்டிருந்தால் இந்நேரம் குமிழ் கழன்று கையோடு வந்திருக்க வேண்டாமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் எழுதியிருப்பது மாமனார் வாக்கு. மருந்துச் சீட்டே கையில் இருக்கும்போது வியாதியைப் பற்றி என்ன ஆராய்ச்சி? மூன்று கிளிக் திருப்பி, சரி செய்து, அவர் வரும்போது எஞ்சினை முனக விட்டால்? ‘கடைக்காரர்’ போய் ‘மாப்பிள்ளை’ வராதா?

குமிழுக்கும் பின்னால் இருந்த இரும்புத் தடுப்புக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடம். மாமனார் தடவித் தடவியே திருப்பிவிடுவார். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் வாடிக்கையாளர்கள் பிரேம் மாட்டி அழகு பார்க்கும் வட்டக் கண்ணாடியைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். அதைப் பம்புக்குப் பின்னால் பிடித்து, கண்ணாடியில் குமிழைப் பார்த்து, பார்த்தபடியே வலது பக்கம் மூன்று கிளிக் திருப்பினார்.

அதன் பலன்தான் இந்த இருமல்.

ஆறு மணிக்கு மணி அடித்தாற்போல் போன் வந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்க, கேக்கறேன்.”

மாப்பிள்ளை போனை எஞ்சினுக்கு எவ்வளவு தூரத்தில் பிடித்தால் நல்லது என்று தெரியாமல், ஷெட்டின் அந்தக் கோடியில் போய் நின்றார்.

“என்ன இது, வழக்கத்தைவிட மோசமா இருக்கு?” என்றார் மாமனார். “நீங்க எதையும் தொடலையே?”

“சே சே. நான் எதுக்கு மாமா தொடப் போறேன்?”

வண்டி கெட்டதோடு இப்போது வாயும் கெட்டுவிட்டது. உண்மையைச் சொல்ல இருந்த ஒரே வாய்ப்பும் அந்த ‘சே சே’யோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஷெட்டில் இருந்தார்.

“பத்தலை போல. இன்னொரு மூணு திருப்பினா சரியாயிடும்” என்றார் மனைவியிடம்.

“ஏங்க, திருப்பினதுக்கு அப்புறம்தானே மோசமாச்சு? அப்போ மறு பக்கம் திருப்பிப் பாருங்களேன்.”

“நோட்டுல வலதுன்னு போட்டிருக்கு. உங்க அப்பா சொல்லி, உங்க அம்மா எழுதினது. நான் என்ன, அவங்களைவிடப் பெரியவனா?”

கண்ணாடியைப் பிடித்து இன்னொரு மூன்று கிளிக் வலது பக்கம் திருப்பினார். இப்போது எஞ்சின் இருமுவதை விட்டுவிட்டு வெடிக்க ஆரம்பித்தது. ‘டப்’ என்ற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போனது. சாயங்காலம் வரை வெளியே வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பம்ப் மெக்கானிக் ஒருவரின் நம்பர் இருந்தது. வேறு ஊர்க்காரர். இந்த ரகப் பம்புகளை மட்டுமே வாழ்நாள் முழுக்கப் பிரித்து மாட்டியவர். மாப்பிள்ளை நம்பரை அழுத்தினார்.

“எஞ்சின் அணைச்சுட்டுத்தானே குமிழைத் திருப்பினீங்க?” என்று எடுத்தவுடனே கேட்டார் மெக்கானிக்.

“அணைச்சுட்டுத்தான்.”

“பிளக் பார்த்தீங்களா? எப்படி இருக்கு?”

“வெள்ளையா இருக்கு.”

“வெடிக்குதா?”

“வெடிக்குது.”

“பட்டினி. பெட்ரோல் பத்தாம கத்துது. வலது பக்கம் திருப்புங்க.”

“வலது பக்கம்தான் சார் திருப்பினேன். ஆறு கிளிக்.”

“வாய்ப்பே இல்லை. ஆறு திருப்பியிருந்தா கரும்புகை வந்திருக்கணும். இன்னொரு ஆறு திருப்பிட்டுச் சொல்லுங்க.”

“பின்னாலேர்ந்து பாக்கும்போது வலதுதானே சார்?”

“ஆமா சார், ஆமா! குமிழ் இருக்கிறது பின்னால. பின்னாலேர்ந்து பாக்காம மேலேர்ந்தா பாப்பாங்க?”

மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, பின்னாலிருந்து பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டு, இன்னொரு ஆறு கிளிக் வலது பக்கம் திருப்பினார். இத்தோடு பன்னிரண்டு.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பிடிக்கவில்லை. பத்துத் தடவைக்குப் பிறகு சுற்றுவதும் குறைந்தது. கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி காலி.

மறுபடியும் போன் போட்டபோது மெக்கானிக் பொறுமையை இழந்திருந்தார். “சார், அது பம்ப். ரேடியோ இல்லை, ஸ்டேஷன் கிடைக்கிற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருக்க. உங்க மாமனாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட பேசறேன்.”

“ஐயோ, வேண்டாம் சார். அவருக்குத் தெரியக் கூடாது.”

“அவர் வண்டிதானே?”

“அவர் வண்டிதான். அதனாலதான்.”

பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், பிரேம் அடுக்கியிருந்த மேஜைமேல் வைத்து சார்ஜில் போட்டார். முழுசாக ஏற மறுநாள் ஆகும். அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்தரை. ஆறு மணிக்கு மாமனார் எஞ்சின் சத்தம் கேட்பார். எஞ்சினோ செத்துக் கிடந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து, மனைவி முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. இனிமே உங்க அப்பா என்னைக் கடைக்காரர்னுகூடக் கூப்பிட மாட்டார்.”

“எழுந்திருங்க” என்றாள் மனைவி. அவள் பார்வை சன்னல் ஓரம் இருந்த மோட்டார் வைத்த தையல் மெஷினில் இருந்தது. “அப்பாவுக்குச் சத்தம்தானே வேணும்?”

“பைத்தியமா உனக்கு? முப்பது வருஷமா அந்த எஞ்சினைக் கேட்டவர்.”

“போன்லதானே கேக்கறார். வேற வழி இருந்தா சொல்லுங்க.”

வேறு வழி இல்லை. ஆறு மணிக்குப் போன் வந்ததும் மாப்பிள்ளை, “இதோ ஸ்டார்ட் பண்றேன் மாமா” என்றார். மனைவி பெடலை மெல்ல மிதித்தாள். தலையணை உறை ஒன்று ஊசிக்கு அடியில் நகர்ந்தது. மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மறுமுனையில் மாமனார் யாரையோ ‘உஷ்’ என்று அடக்குவது கேட்டது.

“கடைக்காரரே” என்றார் மாமனார். “கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்க.”

மனைவி பெடலை அழுத்தினாள். உறையின் திறந்த நாலாவது பக்கமும் தைபட்டு மூடிக்கொண்டது.

“அடடா! ஒரு பிசிறு இல்லை. ஆறு சிலிண்டரும் தனித்தனியா கேக்குது எனக்கு! ரெண்டு வருஷத்துல இப்படி ஓடினதே இல்லை. என்னங்க செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலை மாமா. தானாவே…”

பின்னணியில் மாமியாரின் குரல் கேட்டது. “என்னது? நல்லா ஓடுதா?” போன் கை மாறியது. “மாப்பிள்ளை, நீங்க அதுல எதையாவது தொட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க.”

“இல்லவே இல்லை அத்தை.”

“எதையும் தொட்டுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவ்வளவு கவலை அந்தக் குரலில். தன் பொய் மாமியாரையும் வாட்டுகிறதே என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். போன் மறுபடி மாமனாரிடம் போனது.

“இது இப்படியே இருக்கும்போதே நான் வண்டியை எடுத்துடணும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யார் காத்திருக்கிறது? நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு நாங்க அங்க இருப்போம்.”

போன் வைக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் சுமாரா ஓட்டியிருக்கக் கூடாதா நீ?” என்றார் மாப்பிள்ளை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். பேட்டரியை எடுத்துக்கொண்டு உடனே ஓடிவிட வேண்டும் என்று எண்ணம். ஓடி? என்ன செய்வதாம்? அது அவருக்கே தெரியவில்லை. காலில் விழுவதா, காய்ச்சல் என்று படுத்துவிடுவதா என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.

அதற்குள் ஒரு டீச்சர் உள்ளே வந்துவிட்டார். போன வாரம் வாங்கிய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். டீச்சரைச் சுவர்க் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, அவருக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தார் மாப்பிள்ளை. எதிரே இருப்பவரின் வலது நமக்கு இடது. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கணக்குப் போட்டது. பிரேமைக் கழற்றி, ஒரு காதுக் கம்பியை வளைத்து, மாட்டிவிட்டார்.

இப்போது இன்னும் தூக்கிக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் வளைத்தார். பிரேம் டீச்சரின் நெற்றியில் குறுக்குக் கோடு போட்டது.

“சார்” என்றார் டீச்சர், வகுப்பில் பேசுகிற குரலில். “நான் இங்க இருக்கேன். நீங்க அதுக்குள்ள இருக்கிற ஆளைப் பார்த்துச் சரி பண்றீங்க. கண்ணாடியில எல்லாம் இடம் வலமாத்தானே தெரியும்? மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கே தெரியும் சார் இது.”

மாப்பிள்ளை அப்படியே நின்றார். கையில் இருந்த குறடு மேஜைமேல் விழுந்தது.

“இடம் வலமா…” என்றார். “கண்ணாடியில… இடம் வலமா!”

“ஆமா சார். உடம்பு சரியில்லையா?”

“டீச்சர், நீங்க தெய்வம்!”

வட்டக் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிய பன்னிரண்டு கிளிக்கும் உண்மையில் இடது பக்கம்! நாள் முழுக்கக் கண்ணாடியோடு வாழ்கிற மனுஷன் கண்ணாடியை மறந்துபோயிருக்கிறார். டீச்சரின் காதுக் கம்பியை அவசர அவசரமாக நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, பேட்டரியை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு பறந்தார்.

ஷெட்டுக்குள் வரும்போது மணி பத்தே கால். பேட்டரியை மாட்டினார். வட்டக் கண்ணாடியைத் தூக்கிச் சாக்குக்கு அடியில் போட்டார். மாமனார் செய்வது போலவே கையை மட்டும் பம்புக்குப் பின்னால் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, குமிழை அழுத்தினார். தப்பாகத் திருப்பிய பன்னிரண்டை எடுக்க வலது பக்கம் பன்னிரண்டு. அதற்கு மேல் நோட்டில் உள்ள மருந்து மூன்று. மொத்தம் பதினைந்து. ஒவ்வொரு கிளிக்கையும் வாய்விட்டு எண்ணினார். பதினொன்றில் மனைவி, “மணி பத்தே முக்கால்” என்றாள். அவர் எண்ணிக்கை தடுமாறி, மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடி தொடர்ந்தார்.

சாவியைத் திருப்பினார்.

இரண்டு சுற்று சுற்றிவிட்டு எஞ்சின் பிடித்தது. முதலில் சற்றுத் தயங்கியது. அப்புறம் சூடேறச் சூடேற ஆறு சிலிண்டரும் ஒன்று சேர்ந்து, தாழ்ந்த குரலில், சீராக முனக ஆரம்பித்தன. எஞ்சின்மேல் வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் அலைகூட இல்லை. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி அவருடைய கறுப்புக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தையல் மெஷினைவிட நல்லாருக்குங்க” என்றாள்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மாமனார் இறங்கி, டாக்ஸி டிரைவரின் தோளைத் தட்டி, “என்ன கடைக்காரரே, இளைச்சுட்டீங்க?” என்றார். பிறகு சத்தம் காதில் விழுந்து, அப்படியே நின்றார். சத்தம் வந்த திசையிலேயே நடந்து ஷெட்டுக்கு வந்து, எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். மாமியார் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

“மாமா” என்றார் மாப்பிள்ளை. இனி ஒரு பொய் தாங்காது. “மாமா, மன்னிச்சுடுங்க. நான் தொட்டுட்டேன். வேணாம்னு சொன்னீங்க, இருந்தாலும் தொட்டுட்டேன். முதல்ல தப்பாத் திருப்பி, வண்டியே நின்னுபோச்சு. நேத்து நீங்க கேட்டது… அது தையல் மெஷின். இப்பத்தான் சரி பண்ணினேன்.”

மாமனார் எஞ்சின்மேலிருந்து கையை எடுத்தார்.

“எத்தனை?”

“வலது பக்கம்… பதினஞ்சு. கழிச்சுப் பார்த்தா மூணு.”

மாமனார் இரண்டு எட்டு முன்னால் வந்து, கறுப்பு மசியோடு அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். “ரெண்டு வருஷம். நூறு ஞாயிற்றுக்கிழமை. என்னால முடியலை. நீங்க செஞ்சுட்டீங்களே, மாப்பிள்ளை!”

மாப்பிள்ளை! பதினோரு வருஷம் காத்திருந்த சொல். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியாரை மட்டும் காணோம்.

“ஏறுங்க பக்கத்துல” என்று சொல்லி மாமனார் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். “மலைக்குப் போறோம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. ஒரு காலத்துல ஒரு பிரேக் போடாம இறங்கினவன் நான்.”

வீட்டுக்குள்ளிருந்து மாமியார் ஓடி வந்தார். கையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. “இந்தக் கசங்கின சட்டையோடவா போவீங்க? எஞ்சினை அணைச்சுட்டு வாங்க, குளிச்சு, சட்டை மாத்திட்டு நிதானமாப் போகலாம்.”

“மாத்தப் போனாத்தானே இது கெட்டுப்போகுது. இன்னிக்கு மாத்தவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்.”

“அஞ்சே நிமிஷங்க. அஞ்சு நிமிஷம் இறங்குங்க, போதும்.”

“முடியாது!” என்ற மாமனார் கியரைப் போட்டார். வண்டி ஷெட்டை விட்டுத் துள்ளி வெளியே வந்தது. பத்தடி போனதும் சட்டென்று பிரேக் அடித்து, தலையை வெளியே நீட்டி அதட்டினார். “யாருய்யா அது, நடுவழியில நிக்கிறது? நகருய்யா!”

மாப்பிள்ளை முன்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இருந்தது மூடிய கேட்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். சன்னலோரம் மாமியார் வந்து குனிந்திருந்தார். வெள்ளைச் சட்டையை மார்போடு அணைத்திருந்தார். மாமனார் காதில் விழாமல், மாப்பிள்ளையின் காதருகே மெல்லச் சொன்னார்:

“ரெண்டு வருஷமா அவர் சட்டை மாத்தப் போற நேரமாப் பார்த்து ஓடி வந்து, மூணு கிளிக் இடது பக்கம் திருப்பி வச்சு, இந்த மனுஷனைத் தெருமுனை தாண்டாம உயிரோட வச்சிருந்தேன், ஒரே நாள்ல சரி பண்ணிட்டீங்களே, மாப்பிள்ளை!”